தனுஷ்கோடிப் படங்களும் அவற்றை எடுத்த அனுபவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், இராமேசுவரம், தனுஷ்கோடி ஆகிய இடங்களுக்கு 2016 பிப்ரவரி, 2020 ஜனவரி, 2023 ஜனவரி, 2025 ஆகஸ்ட் என நான்கு முறை சென்று எடுத்த படங்களிலிருந்து நாற்பதைத் தேர்ந்து, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தினருக்கும் காட்டி வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கேள்விகள்தாம் எழுகின்றன. வாய்மொழியாகச் சொல்லும்போது பாதி விடுபட்டுப் போவதால், விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் தொழில்முறைப் படக்கலைஞன் அல்லன். விடுமுறையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு புறப்படும் அலுவலகப் பணியாளன் என்பதை மனத்தில் வைத்துப் படிக்கவும்.

ஒரே இடத்துக்கு ஏன் நான்கு முறை சென்றீர்கள்?

முதல் முறை சென்றபோது நான் கொண்டுவந்தவை எல்லாரிடமும் இருக்கும் படங்களே. இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர், தண்ணீர்த் தொட்டி, கடல். அப்போது முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் தார்ச்சாலை கிடையாது. வேன்களில் நம்மை அடைத்து, மணலிலும் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் குலுக்கிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, குறித்த நேரத்தில் மீண்டும் அழைத்து வந்துவிடுவார்கள். இறங்கி, நாற்பது படம் எடுத்து, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, அந்தப் படங்களில் எதைப் பற்றியும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கூச்சமே என்னை மீண்டும் அங்கே அனுப்பியது.

2017இல் தனுஷ்கோடி மணல்திட்டின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு, நினைத்த இடத்தில் நிற்கவும், காத்திருக்கவும், பேசவும் முடிந்தது. அதே சாலை கூட்டத்தையும் கொண்டுவந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016இல் எடுத்த தேவாலயப் படத்தில் ஒரு நாயும் இரண்டு பேரும் இருக்கிறார்கள். 2025இல் அதே இடத்தில் நின்று, ஆள் இல்லாத ஒரு நொடிக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து தோற்றேன்.

தனுஷ்கோடியை எல்லாரும் 'பேய் நகரம்' என்கிறார்கள். உங்கள் குறிப்புகளில் அந்தச் சொல்லே இல்லையே?

வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணியர் ரயில் கடலலையில் சிக்கி, அதில் இருந்தவர்களோடு அழிந்தது. பின்னர் அரசு அவ்விடத்தை வாழத் தகுதியற்றதென அறிவித்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் மீனவக் குடும்பங்கள் அங்கே இன்றும் குடிசை போட்டு வாழ்கின்றன. இடிந்த சுவரை மட்டும் சட்டகத்துக்குள் வைத்து, இடப்பக்கம் பத்தடி தள்ளிக் காயும் வலையை வெட்டிவிட்டு, 'பேய் நகரம்' என்று கீழே எழுதினால், படம் பொய் சொல்லாமலே பார்ப்பவரை ஏமாற்றிவிடும். 2016இல் நானும் அப்படி எழுதியவன்தான். 2020இல் அங்கே சங்கு, சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த ஒருவர், "பேய்னு எழுதுறாங்களே, அப்ப நாங்க யாரு தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றிரவே பழைய குறிப்புகளைத் திருத்தினேன்.

அந்த ஊருக்குப் புயலுக்கு முந்தைய வாழ்வு ஒன்று இருந்ததும் மறந்துபோகிறது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலிலும், பிறகு மீண்டும் ரயிலிலுமாகக் கொழும்புக்குப் போக முடிந்தது. 'போட் மெயில்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பயணத்தின் இந்தியக் கடைசி நிலையம்தான் நாம் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்தச் சுவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் எடுத்த ரயில் நிலையப் படத்தில், சுவர் ஓரமாக ஒதுங்கி, கடல் இருக்கும் திசை பெரிதாகத் திறந்திருக்கிறது. தகவல் ஒன்று கூடினால் நாம் நிற்கும் இடமும் மாறுகிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் செல்வது நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரையில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகங்கள் மிக அழகாக இருக்கும், ஆனால் பயணம் முழுவதும் அறைக்குள் முடியக்கூடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, அந்த நிலத்தின் கிடப்பைப் புரிந்துகொண்டால் போதும். தனுஷ்கோடி மணல்திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. எனவே எந்த மாதமானாலும் சூரியன் பாக் நீரிணைப் பக்கத்துக் கடலிலிருந்து எழுந்து, மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடலில் இறங்குகிறது. காலையில் சாலைக்கு ஒரு புறமும் மாலையில் மறு புறமும் நிற்க வேண்டும் என்ற எளிய கணக்கை நான் இரண்டு பயணங்களை வீணாக்கித்தான் கற்றேன். ஜனவரியில் சூரியன் சுமார் 6.30 மணிக்கு உதிக்கும். மாலையில் இருட்டும் முன்பே வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவதால், முனையில் நின்று சூரியன் மறைவதை எடுக்கலாம் என்று திட்டமிட வேண்டாம். என்னுடைய மாலைப் படங்கள் கோதண்டராமர் கோயிலுக்கு அருகில் எடுத்தவை. சோதனைச் சாவடி திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் முந்தைய நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாகவே இறங்குகிறது. மறைந்து இருபது நிமிடங்களுக்குள் பொழுது இருட்டிவிடும். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை என் மனைவியிடம் விளக்கியபோது, "சூரியன் நாளைக்கும் வரும், சாப்பாட்டுக் கடை மூடிடுவாங்க" என்றார். இரண்டுமே சரிதான்.

ஒரு படத்தில் இடப்பக்கக் கடல் குளம்போல் இருக்கிறது. இன்னொன்றில் அதே கடல் சீறுகிறது. ஏன்?

முனையை நோக்கி நின்றால் இடப்பக்கம் இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. 2025 ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று வீசியதால் ஆண்கடல் கொந்தளித்தது, பெண்கடல் அசையாமல் கிடந்தது. ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்திருப்பதன் நோக்கமே இதுதான். தேதியை மறைத்துவிட்டு அவற்றைப் பார்த்தால், நான் படத்தை இடவலம் மாற்றிவிட்டேன் என்றே தோன்றும். ஒரு நண்பர் அப்படியே குற்றம் சாட்டினார்.

என்ன கேமரா? கைப்பேசி போதுமா?

நாற்பதில் பதினொரு படங்கள் கைப்பேசியில் எடுத்தவை. எவை என்று இதுவரை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. பறவைகளுக்கும் தொலைவில் உள்ள படகுகளுக்கும் மட்டும் நீண்ட லென்ஸ் தேவைப்பட்டது. அதற்கு மேல் இந்தக் கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெண்மணலையும் மின்னும் நீரையும் கண்டால் எந்தக் கேமராவும் 'வெளிச்சம் மிகுதி' என்று எண்ணிக்கொண்டு படத்தை மங்கலாக்கிவிடும். மணல் சாம்பல் நிறமாகும், மனித முகம் கருத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டி வையுங்கள். கைப்பேசியில் திரையைத் தொட்டால் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதும்.

மணலும் உப்புக் காற்றும் கேமராவைக் கெடுத்துவிடாதா?

கெடுத்தன. 2020இல், அரிச்சல்முனையில் பலத்த காற்றில், முதுகைக் காற்றுக்குக் காட்டிக் குனிந்துகொண்டால் போதும் என்று நம்பி லென்ஸை மாற்றினேன். மாலையில் சூம் வளையத்தைத் திருப்பியபோது அம்மியில் அரைப்பது போன்ற ஓசை கேட்டது. ஊர் திரும்பியபின் பழுதுபார்க்கக் கொடுத்த கடையில், லென்ஸின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள்; கொடுத்தேன்; பின்பும் அந்த ஓசை முற்றிலும் போகவில்லை.

அதன் பின் கடற்கரையில் நான் லென்ஸை மாற்றுவதே இல்லை. எந்த லென்ஸுடன் அறையை விட்டுப் புறப்பட்டேனோ அதைக் கொண்டே அன்றைய பொழுதைக் கழிக்கிறேன். லென்ஸின் முகப்பில் படியும் உப்புத் துளிகளை உடனே துணியால் துடைக்கக் கூடாது. உடன் இருக்கும் மணல்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் காற்றடித்துத் தூசியை அகற்றி, பின்பு சற்றே ஈரமான மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து அதிகாலையில் நேரே வெளியே வந்தால் லென்ஸ் பனித்துவிடும். கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறந்தால் இத்தொல்லை இல்லை. என் முதல் ஜனவரி உதயம் முழுவதும் இந்தப் பனிப்படலத்தோடுதான் பதிவாகியிருக்கிறது. அதைக் கலை நோக்கம் என்று பாராட்டியவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பாம்பன் பாலத்தில் ரயில் வரும் படத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?

1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் நடைபாதையிலிருந்து. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்துவது போக்குவரத்துக்கும் நமக்கும் ஆபத்து. ஆகவே பாம்பன் முனையில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். பழைய ரயில் பாலத்தில் ரயில்கள் ஊர்ந்துதான் சென்றன. அதனால் படமெடுக்க நேரம் நிறையவே இருந்தது. முதலில் படம் கிடைக்காமல் போனது வேறொரு காரணத்தால். அந்தப் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டியபோதெல்லாம் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழுந்தது. முதல் நாள் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் நின்றேன், ரயில் வரவில்லை. அருகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவர் கடலைப் பார்த்தபடியே, "இந்தக் காத்துல விட மாட்டாக" என்று சொன்னார். அவர் அதை நான் வந்த ஐந்தாவது நிமிடமே சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம். மறுநாள் காலையில் எடுத்ததே நீங்கள் பார்க்கும் படம்.

அந்தப் படத்தை இனி யாரும் எடுக்க முடியாது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1964 புயலில் சிதைந்து, பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் சீரமைக்கப்பட்ட பாலம் அது. கப்பல்களுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி இரு கைகளை மேலே தூக்குவதுபோல் பிளந்து திறந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலேறுகிறது. ஆகஸ்டில் அதையும் எடுத்தேன். பழையதில் இருந்த நாடகம் இதில் இல்லை என்பது என் கருத்து; என் மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

வானிலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லையே? ட்ரோன் இல்லையா?

அங்கே பறக்கவிடவில்லை. அருகில் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. பன்னாட்டுக் கடல் எல்லையும் அருகில். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி வான்வெளி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டுள்ளது. சிவப்பிலும் மஞ்சளிலும் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. பாதுகாப்புத் துறை நிலையங்களைத் தரையிலிருந்தும் எடுக்கக் கூடாது.

இராமநாதசுவாமி கோயிலின் புகழ்பெற்ற பிராகாரத்தை ஏன் காட்டவில்லை?

கோயிலுக்குள் கேமராவுக்கும் கைப்பேசிக்கும் அனுமதியில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. மறைத்து எடுத்த படங்கள் பல உலவுகின்றன. அவற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டதும் உண்டு. ஆனால் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு அந்த மூன்றாம் பிராகாரத்தில் நடந்த ஒரு மணி நேரம்தான் என் பயணங்களிலேயே நான் எதையும் சட்டகமாகப் பாராத ஒரு மணி நேரம். ஈரத் தரை, தூண்களின் நீண்ட வரிசை, தீர்த்தக் கிணறுகளில் வாளி இறங்கும் ஓசை, நனைந்த ஆடையோடு ஓடும் குழந்தைகள். வெளியே வந்ததும் தேநீர்க் கடையில் அமர்ந்து நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். படம் கேட்பவர்களுக்கு அந்த இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டுகிறேன்.

அக்னி தீர்த்தக் கரையில் தடை ஏதும் இல்லை. ஆயினும் அங்கேயும் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். தகப்பனுக்கோ தாய்க்கோ பிண்டம் கரைத்துவிட்டு, ஈரத் துணியோடு கரையேறும் ஒருவரின் முகம் 'நல்ல படம்' ஆகலாம். என் தந்தைக்கு நான் அப்படிக் கரையேறியபோது எதிரே ஒருவர் லென்ஸை நீட்டிக்கொண்டு நின்றார். அதற்கு மேல் இதை விளக்க வேண்டியதில்லை.

மனிதர்களைப் படமெடுக்க அனுமதி கேட்கிறீர்களா? கேட்டால் இயல்பு போய்விடாதா?

முன்பு கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இயல்பு போகத்தான் செய்யும். சற்று நேரம் இருந்தால் திரும்பி வந்துவிடும்.

கரைவலை இழுக்கும் படத்தைப் பலரும் விரும்புகிறார்கள். வல்லம் என்னும் படகு ஒன்று வலையைப் பிறைவடிவில் கடலுக்குள் விரித்துவிட்டு வர, கரையில் இரு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை. நான் நெருங்கியதும் ஒருவர், "நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எப்புடிண்ணே, ஒரு கை புடிங்க" என்றார். கேமராவை ஒரு பனைநார்ப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு இழுத்தேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை கன்றிவிட்டது. அவர்கள் சிரித்து, என்னை விலகச் சொன்னார்கள். அதன் பின் ஒருவரும் கேமராவைக் கண்டுகொள்ளவில்லை. கயிற்றைப் பிடித்த கைகள் மட்டும் நிறைந்த அந்தப் படத்தை எனக்கு எடுக்கத் தெரிந்தது கை எரிந்துகொண்டிருந்ததால்தான் என்று நினைக்கிறேன். மீன் சேரும் வலையின் மடி கரையேறியபோது எதிர்பார்த்த அளவு மீன் இல்லை. அந்த நேரத்தில் அவர்களின் முகங்களை எடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்று, ஊற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்மணி. கடலுக்குச் சில அடி தொலைவிலேயே மணலில் பள்ளம் தோண்டினால் அங்கே நல்ல தண்ணீர் ஊறுகிறது. அதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். 2023இல் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகிழ்வார் என்று எண்ணியிருந்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சொல்லிருந்தா நல்ல சேலை கட்டியிருப்பேன்ல. கழுத்துல ஒண்ணுமில்லாம எடுத்திருக்கிய" என்று குறைபட்டுக்கொண்டார். மறுநாள் வரச் சொன்னார். நல்ல சேலை, பாசிமணி மாலை, பின்னால் நீல நிறத் தார்ப்பாய், நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டார். படக்கலை நூல்கள் 'செய்யாதே' என்று சொல்லும் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் விரும்பிய படம் அது. ஊற்றுப் படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை; நான் கேட்டபோது, "ஒங்க இஷ்டம்" என்றார். அந்த விடையில் இருந்த அரைமனத்தைக் கருதி, முகம் தெரியாமல் கையும் சிரட்டையும் மட்டும் உள்ள படத்தையே தொகுப்பில் வைத்திருக்கிறேன்.

குழந்தைகளின் முகம் தெளிவாகத் தெரியும் படங்களைப் பெற்றோருக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பூநாரைகளை எந்த இடத்தில் பார்த்தீர்கள்? சரியான இடத்தைச் சொல்ல முடியுமா?

கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் அவை வருவது ஊரறிந்த செய்தி. அதைச் சொல்வதில் தவறில்லை. தனுஷ்கோடிப் பகுதி 2025இல் பூநாரைச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆனால் அன்றன்று எந்தத் திட்டில் நிற்கின்றன என்பதைப் பறவைகள் இருக்கும்போதே பரப்புவதில்லை. 2023இல் என் கண்ணெதிரே ஒரு குழு, அவை பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக நீருக்குள் இறங்கிக் கைதட்டியது. இரை தேடிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் எழுந்து நெடுந்தொலைவு போய்விட்டது. அவர்களின் படம் என்னுடையதைவிட அழகாகவே இருந்திருக்கும். என்னிடம் உள்ளது தலையை நீருக்குள் கவிழ்த்து நிற்கும் பறவைகளின் படம். சற்றே தொலைவு, சற்றே கானல் அலை. நண்பகலில் நீண்ட லென்ஸால் எடுத்தால் அந்தக் கானல் அலையைத் தவிர்க்க முடியாது. காலை எட்டு மணிக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

கைப்பேசிப் படங்களின் உள்ளே எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் பதிவாகியிருக்கும் என்பதை நினைவில் கொள்க. மூலக் கோப்பை அப்படியே அனுப்பினால் அவையும் உடன் போகும். பறவைக் கூடுகளின் படத்தையும், ஒருவரது வீட்டு வாசலில் எடுத்த படத்தையும் அனுப்புமுன் அந்தத் தகவலை நீக்கிவிடுகிறேன்.

படங்களில் எவ்வளவு திருத்தம் செய்கிறீர்கள்?

சாய்ந்த தொடுவானத்தை நேராக்குகிறேன். வெளிச்சம், நிழல், நிறச்சமநிலை ஆகியவற்றைச் சரிசெய்கிறேன். லென்ஸில் இருந்த தூசிப் புள்ளிகளை அகற்றுகிறேன். இல்லாத மேகத்தைச் சேர்ப்பதில்லை, இருந்த மனிதரை அழிப்பதில்லை. அரிச்சல்முனைக் கடலின் நீலத்தைக் கூட்டியதாக ஐயப்படுகிறார்கள். அது போலரைசர் என்னும் வடிப்பான் நீரின் மேற்பரப்புப் பளபளப்பைக் குறைத்ததன் விளைவு. மாறாக, ஒரு ஜனவரிப் படத்தில் பாக் நீரிணை கலங்கிய பச்சையாகத் தெரிகிறது. அதை நீலமாக்கித் தரும்படி கேட்டவர் உண்டு. அன்று அது பச்சையாகத்தான் இருந்தது.

படக் குறிப்பு எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. என்ன எழுதலாம்?

'இயற்கையின் பேரெழில்' என்று எழுதாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இடம், நாள், நேரம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது. படத்தில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருந்தார். சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது. எதை எடுக்க வந்து இது கிடைத்தது. இவற்றுள் மூன்றுக்கு விடை எழுதினாலும் குறிப்பு உருவாகிவிடும். இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு எப்போதும் கைகொடுக்கிறது, ஏனெனில் என் நல்ல படங்களில் பெரும்பாலானவை வேறெதற்கோ காத்திருந்தபோது கிடைத்தவை.

அன்றிரவே எழுதிவிட வேண்டும். கேமரா எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். நெடுநாள் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமராவில் நாள்காட்டி பழைய நிலைக்குத் திரும்பியிருந்ததைக் கவனிக்காமல், 2023ஆம் ஆண்டுப் பயணத்தின் முதல் நாள் முழுவதையும் வேறோர் ஆண்டின் தேதியில் எடுத்துவிட்டேன். நோட்டில் எழுதி வைத்திருந்த தேநீர்க் கடைக் கணக்கைக் கொண்டுதான் வரிசையைச் சீராக்க முடிந்தது.

எத்தனை படங்களைக் காட்டலாம்?

நான்கு பயணங்களிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேல் எடுத்தேன். காட்டுவது நாற்பது, அதுவே மிகுதி என்று என் தங்கை சொல்கிறாள். திரும்பி வந்த வாரத்திலேயே தேர்வு செய்யாதீர்கள். அலைந்து பெற்ற படம் என்பதாலேயே அது நல்ல படமாகத் தோன்றும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், பாடுபட்டு எடுத்த பல படங்கள் வெறும் படங்களாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறைந்துவிடுகிறதே?

படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள்; மூலக் கோப்பு சுருக்கப்படாமல் போய்ச்சேரும். மேலே சொன்ன இடத்தகவலும் அதோடு போகும் என்பதை மறவாதீர்கள். முதியவர்களுக்கு நான் பிரிண்ட் போட்டே கொடுக்கிறேன். திரையில் இரண்டு நொடி பார்ப்பவர்கள் தாளில் இருந்தால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்க்கிறார்கள்.

இந்தப் படங்களை நாங்கள் எடுத்துப் பயன்படுத்தலாமா?

பள்ளிக் கட்டுரைக்கும், பாடம் நடத்தவும், வீட்டுச் சுவரில் மாட்டவும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் பெயரும் படக் குறிப்பும் உடன் இருக்க வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு என்னைக் கேட்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எங்கும் பதிவு செய்யாவிட்டாலும், படம் எடுத்த அந்த நொடியிலேயே உரிமை உண்டாகிவிடுகிறது. 2012 திருத்தத்துக்குப் பின், எடுத்தவரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கிறது. கூலி பேசி எடுக்கச் சொல்லும் படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் என் தேவாலயப் படத்தைக் கேட்காமல் எடுத்து, தம் விளம்பரத் தட்டியில் 'பேய் நகரம் – ஒரு நாள் சுற்றுலா' என்று அச்சிட்டுவிட்டார். தொலைபேசியில் பேசியபோது, பணம் தருவதாகச் சொன்னார். பணம் வேண்டாம், அந்த இரண்டு சொற்களை எடுத்துவிடுங்கள் என்றேன். தட்டி அச்சாகிவிட்டதாகவும், அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றும் சொன்னார். 2025இல் போனபோது தட்டியில் வேறொருவரின் படம் இருந்தது. அந்த இரண்டு சொற்கள் அப்படியே இருந்தன.